இவாசே ஹிதோகி: கடைசி இன்னிங்ஸின் ஆள்

#1 ஸ்கோர்புக்

2025 ஜனவரியில் இச்சிரோ ஜப்பான் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்வான செய்தி எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். அன்று அதே வாக்கெடுப்பில் இன்னொரு ஆட்டக்காரரும் தேர்வானார். நான் படித்த செய்திகளில் அவர் பெயர் கடைசி வரியில்தான் இருந்தது. இவாசே ஹிதோகி, பந்து வீச்சாளர். காலம் முழுக்கக் கடைசியில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனவருக்குக் கடைசி வரி பொருத்தம்தான் என்று சிரித்துக்கொண்டேன்.

ஒரே அணி, நகோயாவின் சுனிச்சி டிராகன்ஸ். 1999 முதல் 2018 வரை. 1002 ஆட்டங்கள், ஜப்பானின் தொழில்முறை லீக்கில் ஆயிரத்தைத் தொட்ட வேறு வீச்சாளர் கிடையாது. 407 சேவ், அதுவும் அங்கே சாதனை. வெற்றி 59தான். அந்த 1002இல் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது ஒரே ஒரு முறை, 2000ஆம் ஆண்டில். மற்ற 1001 தடவையும் வேறு யாரோ ஆரம்பித்ததன் நடுவிலோ முடிவிலோ வந்தவர்.

இழை தொடங்கியதற்குக் காரணம் வேறு. இந்த மனிதரை ஜப்பானில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் இரண்டு நாட்கள் உண்டு. ஒன்று 2007 நவம்பர், இன்னொன்று 2008 ஆகஸ்ட். அந்த இரண்டுமே இந்த 1002க்குள்ளும் 407க்குள்ளும் வராது. ஒன்று ஜப்பான் சீரிஸ், அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் இறுதித் தொடர், மற்றது ஒலிம்பிக். லீக் கணக்கில் சேராது. அப்படியானால் இவரை எதை வைத்து எடை போடுவது?

#2 பைன்லெக்

சார், கிரிக்கெட் மட்டும் பார்க்கிற கூட்டத்தில் நான் ஒருவன். சேவ் என்றால் என்ன? ஒரு ஆள் 1000 ஆட்டம் ஆடி 59 வெற்றிதான் என்றால் எனக்குப் புரியவில்லை.

#3 நகோயாவாசி

பைன்லெக், சுருக்கமாகச் சொல்கிறேன். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ். தொடக்க வீச்சாளர் ஐந்து, ஆறு, முடிந்தால் ஏழு இன்னிங்ஸ் போடுவார். அப்புறம் அவர் உட்கார்ந்துவிட்டால் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப வர முடியாது. கிரிக்கெட் மாதிரி 'கடைசி ஓவருக்கு உன்னை வைத்திருக்கிறேன்' என்ற கதை இல்லை. அதனால் பின்னால் வருவதற்கென்றே ஒரு கூட்டம் புல்பென்னில், அதாவது மாற்று வீச்சாளர்கள் கையைச் சூடாக்கும் இடத்தில், காத்திருக்கும். அதிலும் கடைசியில் வருபவர்தான் குளோசர். ஜப்பானில் 'ஷுகோஷின்' என்பார்கள், காவல் தெய்வம் என்று பொருள். நம் ஊர் எல்லைச்சாமி மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

அணி மூன்று ஓட்டத்துக்குள் முன்னிலையில் இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வந்து, அந்த முன்னிலையை விடாமல் முடித்தால் ஒரு சேவ். வெற்றிக் கணக்கு முன்னால் போட்டவருக்குப் போய்விடும். இவருக்கு வெற்றி எழுதப்படுகிறது என்றால் பல நேரம் இவரே முன்னிலையைக் கோட்டைவிட்டு, அப்புறம் அணி அடித்துக் காப்பாற்றியிருக்கிறது என்று அர்த்தம். குளோசருக்கு வெற்றி அதிகம் என்றால் ரசிகர் முகம் சுளிப்பார்.

#4 தராசு

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சேவ் என்பது மலிவான எண். மூன்று ஓட்டம் முன்னிலை, மூன்று பேரை வெளியேற்ற வேண்டும். ஓரளவு நல்ல வீச்சாளர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் செய்துவிடுவார்.

இவாசேக்கு முன்னால் அதிக ஆட்டங்கள் போட்ட சாதனை யோனெடா தெட்சுயாவிடம் இருந்தது. 949 ஆட்டங்கள். அதில் அவர் வீசியது 5130 இன்னிங்ஸ், 350 வெற்றி. இவாசே 1002 ஆட்டத்தில் வீசியது 985 இன்னிங்ஸ். சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு ஒரு இன்னிங்ஸ்கூட முழுதாக இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து 'முந்திவிட்டார்' என்று எழுதுவதே தப்பு. ஒருவர் நெல் விதைத்து அறுத்து அடித்தவர். இன்னொருவர் மூட்டையைக் கட்டித் தைத்தவர்.

#5 வாசுகி

மூட்டையைச் சரியாகத் தைக்காமல் போன வருஷங்கள் எத்தனை அணிகளுக்கு உண்டு என்று கேட்டுப் பாருங்கள் தராசு.

இன்னிங்ஸ் எண்ணிக்கை சரிதான், மறுக்கவில்லை. ஆனால் யோனெடாவுக்கு அடுத்து எந்த நாளில் வீசப்போகிறோம் என்று பெரும்பாலும் தெரியும். குளோசருக்கு அது கிடையாது. ஆட்டம் நெருக்கமாக இருந்தால் கையைச் சூடாக்க வேண்டும். சில நாள் சூடாக்கியபின் தேவைப்படாமல் உட்கார வேண்டும். அந்தப் பந்துகள் எந்தக் கணக்கிலும் இல்லை. மறுநாள் திரும்பவும் அதே கதை. இவாசே 1999 முதல் 2013 வரை தொடர்ந்து 15 பருவங்கள், ஒவ்வொன்றிலும் 50 ஆட்டத்துக்குக் குறையாமல் போட்டார். 2005 முதல் 2013 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டு 30 சேவுக்கு மேல். ஒரு வருஷம் 40 எடுக்கிற குளோசர்கள் வந்து போவார்கள். 2017இல் சாஃப்ட்பேங்க் அணியின் சர்ஃபாட்டே 54 எடுத்தார், அது இன்றும் ஒரு பருவ சாதனை. அடுத்த வருஷமே இடுப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு முதல் அணிக்கு, அதாவது கிளப்பின் பிரதான அணிக்கு, அவர் திரும்பவே இல்லை.

இவாசேயின் பக்கத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு உண்டு. அசாவோ டகுயா. டிராகன்ஸில் இவருக்கு முந்தைய இன்னிங்ஸ் போட்டவர். 2010இல் 47 ஹோல்டு (நடுவில் வந்து முன்னிலையை விடாமல் அடுத்தவரிடம் ஒப்படைப்பது). 2011இல் 79 ஆட்டம், இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ஓட்டம்) 0.41. டிராகன்ஸ் ஆடும் மத்திய லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதே அவருக்குத்தான். நடுவில் வந்துபோகும் வீச்சாளருக்கு அந்த விருது என்பது சாதாரண விஷயமில்லை. அப்புறம் தோள் ஒத்துழைக்கவில்லை. 2018இல் ஓய்வு பெற்றார். அதே 2018இல்தான் இவாசேயும் ஓய்வு பெற்றார், அசாவோவைவிடப் பத்து வயது மூத்தவர்!

#6 தராசு

அசாவோ கதை எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீண்ட நாள் நின்றது வேறு, பெரிய ஆட்டக்காரர் என்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் அக்கா.

#7 நகோயாவாசி

நான் இங்கே வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அலுவலகத்தில் இவாசே பெயரை எடுத்தால் பெரியவர்கள் ஒரு மாதிரி சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். காரணம் அவர் உள்ளூர்க்காரர். ஐச்சி மாகாணத்து நிஷியோ. மட்சா தேயிலைக்குப் பெயர்போன ஊர். பள்ளி அங்கேயே, கல்லூரி ஐச்சி பல்கலைக்கழகம், வேலையும் ஆட்டமும் என்டிடி டோக்காய் நிறுவன அணியில், அதன் பின் நகோயாவின் அணி. வாழ்க்கை முழுவதும் ஒரே மாகாணம்.

கல்லூரியில் அவர் முதலில் மட்டையாளராகத்தான் அறியப்பட்டார் என்பது பலருக்குத் தெரியாது. வெளிக்களத்தில் நின்று, ஐச்சி பல்கலைக்கழக லீக்கில் மொத்தம் 124 ஹிட் (பந்தை அடித்து பேஸுக்குப் போய்ச் சேர்வது) அடித்தார். லீக் சாதனை 125. ஒன்றில் தவறிவிட்டது. என்டிடிக்குப் போன பிறகுதான் முழுநேர வீச்சாளர். 1998 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் சடங்கில், டிராகன்ஸ் இரண்டாம் சுற்றில் எடுத்தது.

முதல் ஆட்டம் 1999 ஏப்ரல் 2, பருவத்தின் தொடக்க நாள், எதிரணி ஹிரோஷிமா. மேலாளர் ஹோஷினோ செனிச்சி இவரை இறக்கினார். தொடர்ச்சியாக மூன்று ஹிட். ஒருவரைக்கூட வெளியேற்றாமல் வெளியே வந்தார். அந்த முகத்தை நினைத்துப் பாருங்கள். ஆனால் ஹோஷினோ விடவில்லை. திரும்பத் திரும்ப இறக்கினார். வருஷ முடிவில் 65 ஆட்டம், 10 வெற்றி, 2 தோல்வி, இ.ஆர்.ஏ. 1.57. அணி லீக்கை வென்றது.

அவருடைய ஆயுதம் ஸ்லைடர். இடது கையில் இருந்து வரும், வலதுகை மட்டையாளரின் உடம்பை நோக்கி வளையும். இடதுகை மட்டையாளருக்கு எட்டாத தூரத்துக்கு ஓடிவிடும். 'எமனின் அரிவாள்' என்று இங்கே அதற்குப் பெயர். ஆளைப் பார்த்தால் எமன் மாதிரியெல்லாம் இருக்க மாட்டார், நகராட்சி அலுவலகத்தில் ரேஷன் கார்டு திருத்தித் தருபவர் போல அமைதியாக இருப்பார்.

#8 ஸ்கோர்புக்

சரி, 2007க்கு வருகிறேன். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

ஜப்பான் சீரிஸ், ஐந்தாவது ஆட்டம், 2007 நவம்பர் 1, நகோயா டோம். நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸுக்கு எதிராக டிராகன்ஸ் 3-1 என முன்னிலை. இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை. அந்தக் கோப்பையை அவர்கள் கடைசியாக வென்றது 1954இல். 53 வருஷம்.

எதிரே டார்விஷ் யூ. ஏழு இன்னிங்ஸில் 11 ஸ்ட்ரைக்அவுட், அதாவது 11 பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் திருப்பி அனுப்பினார். அவரிடமிருந்து டிராகன்ஸ் பிடுங்கியது ஒரே ஓட்டம், இரண்டாவது இன்னிங்ஸில் 19 வயது ஹிராட்டா ரியோசுகே அடித்த தியாக ஃப்ளையில் (தான் கேட்ச் ஆனாலும் பேஸில் நின்றவரை ஓடி வரவைக்கும் அடி). இந்தப் பக்கம் யமாய் டைசுகே. பெரிய நட்சத்திரம் இல்லை. ஆனால் அன்று எட்டு இன்னிங்ஸில் 24 பேர் வந்தார்கள், 24 பேரும் திரும்பிப் போனார்கள். ஒருவர்கூட பேஸை மிதிக்கவில்லை. மொத்தம் 86 பந்துதான். இப்படி ஒருவரையும் பேஸில் ஏற்றாமல் ஒரே ஆள் ஆட்டம் முழுவதையும் வீசி முடித்தால் அது பெர்ஃபெக்ட் கேம், ஜப்பான் சீரிஸில் அதை அதுவரை யாரும் போட்டதில்லை. இன்னும் மூன்று பேர்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். மேலாளர் ஓச்சியாய் ஹிரோமிட்சு வெளியே வந்து நடுவரிடம் பேசினார். வீச்சாளர் மாற்றம். யமாய் இல்லை. இவாசே.

அரங்கத்தில் முதலில் ஒரு மாதிரி சத்தம், அப்புறம் கைதட்டல். கானெகோ மகோட்டோ ஸ்ட்ரைக்அவுட். டகஹாஷி ஷின்ஜி இடது களத்தில் கேட்ச். கோயானோ எய்ச்சி இரண்டாவது பேஸில் இருந்த அராக்கியிடம் தரையில் அடித்தார், அவுட். 1-0. கோப்பை வந்துவிட்டது. இருவர் சேர்ந்து போட்டதால் அதிகாரபூர்வமான பெர்ஃபெக்ட் கேம் பட்டியலில் அது இல்லை. குறிப்பு மாதிரி ஓரத்தில் நிற்கிறது.

#9 பைன்லெக்

ஐயோ, இது முல்தான் கதை! 2004இல் சச்சின் 194இல் நிற்கும்போது டிராவிட் டிக்ளேர் பண்ணினாரே, அதேதான். அதற்கு இன்றைக்கும் டீக்கடையில் சண்டை நடக்கிறது.

#10 தராசு

அதே இல்லை தம்பி, இது அதைவிட மோசம். சச்சினுக்கு 194 ஆவது புத்தகத்தில் நின்றது. யமாய்க்கு எதுவும் நிற்கவில்லை. டெஸ்ட் வரலாற்றில் இரட்டைச் சதம் ஆயிரம் பேர் அடிக்கலாம். ஜப்பான் சீரிஸில் பெர்ஃபெக்ட் கேம் இன்று வரைக்கும் பூஜ்யம். அமெரிக்க வேர்ல்டு சீரிஸில்கூட 1956இல் டான் லார்சன் போட்டது ஒன்றுதான். அப்படி ஒரு வாசலில் நிற்கிறவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தால் அது என்ன மேலாண்மை? அப்போதே ஜப்பானில் பாதிப் பேர் கொதித்தார்கள். நோமுரா கட்சுயா போன்ற பழுத்த மேலாளரே ஒப்புக்கொள்ளவில்லை.

#11 வாசுகி

விரலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. யமாயின் வலது கை நடுவிரலில் கொப்புளம் உடைந்து நான்காவது இன்னிங்ஸில் இருந்தே ரத்தம். வீச்சாளர்களுக்குப் பொறுப்பான கோச் மோரி ஷிகெகாசு பின்னர் சொன்ன கணக்குப்படி, யமாயே இவாசேயிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்.

#12 தராசு

எந்த ஆட்டக்காரரும் கோச் கேட்கும் தொனியைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அதுவும் ஜப்பானில்! 86 பந்து, 1-0. என்னிடம் கேட்டால் போடச் சொல்லியிருப்பேன். ஒருவன் பேஸுக்கு வந்தால் உடனே இவாசேயைக் கூப்பிட்டிருக்கலாமே. யாருக்கும் நஷ்டம் இல்லை.

#13 நகோயாவாசி

தராசு, உங்கள் கடைசி வரி கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவன் பேஸில் நிற்க, ஒரு ஓட்ட முன்னிலையில், அரங்கமே உடைந்துபோன மனநிலையில் உள்ளே வருவதும், காலியான பேஸ்களோடு புதிய இன்னிங்ஸைத் தொடங்குவதும் ஒன்றா? ஒரு ஹோம் ரன் விழுந்தால் ஆட்டம் கை மாறிவிடும்.

இன்னொன்று. அந்த ஆட்டம் போயிருந்தால் மிச்சம் சப்போரோவில், எதிரணியின் வீட்டில். முந்தைய ஆண்டு 2006இல் இதே நிப்பான்-ஹாமிடம் 1-4 என்று தோற்றிருந்தார்கள். 2004இல் செய்புவிடம் 3-4. ஓச்சியாய் மேலாளரான நான்கு வருஷத்தில் அது மூன்றாவது ஜப்பான் சீரிஸ். பருவம் முழுக்க ஒன்பதாவது இன்னிங்ஸ் என்றால் இவாசே என்று ஓர் ஒழுங்கை வைத்து ஜெயித்தவர், கடைசி நாளில் அதை மாற்றவில்லை. பிடிக்கிறதோ இல்லையோ, அவர் எப்போதும் அப்படித்தான்.

ஆனால் எனக்கு இந்தச் சண்டையில் ஒரு குறை உண்டு. எல்லோரும் யமாய், ஓச்சியாய் இருவரைப் பற்றியே பேசுகிறோம். நடுவில் உள்ளே நடந்து வந்த ஆள்? அவருக்கு அன்று லாபம் என்று எதுவுமே இல்லை. மூன்று பேரை வெளியேற்றினால் 'வேறு ஒருவன் சாதனையைக் கெடுத்தவர்'. ஒரு ஹிட் கொடுத்தால்? கொடுத்தபின் தோற்றிருந்தால்? நகோயாவில் குடியிருக்க முடிந்திருக்குமா தெரியவில்லை. மூன்று ஓட்ட முன்னிலையில் வந்து எடுக்கும் மலிவு சேவ் என்று #4இல் சொன்னீர்களே, அது இல்லை இது.

#14 தராசு

அதை ஒத்துக்கொள்கிறேன். இவாசேமேல் எனக்குக் கோபம் எப்போதும் இல்லை. ஓச்சியாய்மேல்தான்.

#15 கரிசல்

புதிதாக வருகிறேன், வணக்கம். அந்த ஒன்பதாவது இன்னிங்ஸைப் புகழ்கிற நீங்கள் பெய்ஜிங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்கோர்புக் முதல் பதிவில் தொட்டுவிட்டு நழுவிவிட்டார்.

2008 ஒலிம்பிக்கில் ஜப்பான் நான்காவது இடம். அந்த அணி தோற்றதில் மூன்று தோல்வி இவாசே பெயரில். ஆகஸ்ட் 16 கொரியா, 20 அமெரிக்கா, 22 அரையிறுதியில் மறுபடி கொரியா. அரையிறுதியில் 2-2 என்று இருக்கும்போது எட்டாவது இன்னிங்ஸில் லீ சுங்-யோப் இரண்டு ஓட்ட ஹோம் ரன் அடித்தார். அந்த லீ ஜப்பானிலேயே யோமியுரி ஜயண்ட்ஸில் ஆடிக்கொண்டிருந்தவர், இவாசே வாடிக்கையாகப் பார்த்த மட்டையாளர். தெரிந்த எதிரியிடம் தோற்பதுதான் அதிகம் வலிக்கும். காவல் தெய்வம் எங்கே போயிற்று?

#16 ஸ்கோர்புக்

நழுவவில்லை, வரிசையாக வரலாம் என்று இருந்தேன் :)

பெய்ஜிங்கில் அவர் மோசமாகப் போட்டார், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இறக்கியவர் யார் என்பதையும் சொல்லுங்கள். அதே ஹோஷினோ செனிச்சி. 1999இல் மூன்று ஹிட் வாங்கிய பையனைத் திரும்பத் திரும்ப இறக்கி ஆளாக்கியவர், 2008இலும் அடி வாங்கியவரைத் திரும்ப இறக்கினார். ஒரு பருவத்துக்கு 130 ஆட்டங்களுக்கு மேல் ஆடும்போது அந்தப் பிடிவாதம் பலன் தரும். பத்து நாள் போட்டியில் அதற்கு நேரம் கிடையாது. நல்ல குணமே அங்கே குழி தோண்டியது என்று நினைக்கிறேன்.

திட்டு எல்லாம் இவாசேக்கும், அதே அரையிறுதியில் பந்தைத் தவறவிட்ட ஜி.ஜி. சாட்டோவுக்கும் விழுந்தது. அடுத்த வருஷம் உலக பேஸ்பால் கிளாசிக்குக்கு அழைத்தபோது டிராகன்ஸ் ஆட்டக்காரர்கள் ஒருவர்கூடப் போகவில்லை, இவாசேயும்தான். அதற்கும் ஒரு சுற்றுத் திட்டு. அவர் என்ன செய்தார் தெரியுமா? 2009இல் நகோயாவில் 41 சேவ் எடுத்து லீக்கில் அதிக சேவ் எடுத்தவருக்கான பட்டத்தை வாங்கினார்.

#17 வாசுகி

2011 ஜூனில் டகாட்சு ஷிங்கோவின் 286 சேவ் சாதனையைத் தாண்டினார். 2014இல் 400. எல்லாம் சுமுகமாக நடந்தது போல எண்கள் காட்டும். ஆனால் பிற்காலத்தில் அவர் ஒன்பதாவது இன்னிங்ஸ் என்றாலே டிராகன்ஸ் ரசிகர்கள் 'இவாசே நாடகம்' என்று பல்லைக் கடிப்பார்கள். முதலில் ஒருவரை பேஸில் ஏற்றிவிடுவார், இன்னொருவரையும் ஏற்றிவிடுவார், எல்லோருக்கும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிட்டு அப்புறம் முடிப்பார்.

#18 நகோயாவாசி

அந்த நாடகத்தை அரங்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன் அக்கா. பக்கத்து இருக்கைத் தாத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு 'முடிந்ததும் சொல்லு' என்பார்.

2014 ஆகஸ்டில் இடது முழங்கை போனது. 2015 முழுவதும் முதல் அணியில் ஒரு ஆட்டம்கூட இல்லை. 30 கோடி யென் வாங்கிக்கொண்டிருந்தவர் 5 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். 2016இல் 15 ஆட்டம். எல்லோரும் முடிந்தது என்றுதான் நினைத்தோம், நானும்தான். 2017இல் 42 வயதில் 50 ஆட்டம். ஜூன் மாதத்தின் சிறந்த வீச்சாளர் விருதும், வருஷக் கடைசியில் மீண்டுவந்த ஆட்டக்காரருக்கான விருதும். ஆகஸ்டில் 950வது ஆட்டம், யோனெடா பின்னால் போனார். அப்போது அவர் குளோசர்கூட இல்லை. ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு இடதுகை மட்டையாளருக்காக வந்து நான்கு பந்து போட்டுவிட்டுப் போவார். 400 சேவ் எடுத்தவருக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரிந்ததாக எனக்குப் படவில்லை. 1999இல் செய்த வேலைக்கே திரும்பியிருந்தார், அவ்வளவுதான்.

2018 செப்டம்பர் 28, ஹன்ஷின் டைகர்ஸ். ஆயிரமாவது ஆட்டம். நகோயா டோமில் மேல் தளத்தில் இருந்தேன். எந்த இன்னிங்ஸில் விடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஒன்பதாவதில் விட்டார்கள், முன்னிலையோடு. அதாவது சேவ் வாய்ப்போடு. முடித்தார். அதுதான் 407, அவருடைய கடைசி சேவ். என் முன்னால் இருந்த பெண்மணி பழைய 13ஆம் எண் சட்டையை முகத்தில் வைத்து அழுதுகொண்டிருந்தார். ஹோஷினோ அந்த ஜனவரியில்தான் இறந்துபோயிருந்தார்.

#19 கரிசல்

சரி, பெய்ஜிங்கைப் பாதி மன்னித்துவிட்டேன். பாதிதான்.

#20 பைன்லெக்

யமாய் என்ன ஆனார்? அதைச் சொல்லாமல் யாரும் தூங்கக் கூடாது.

#21 தராசு

நல்லாவே இருந்தார். 2013 ஜூன் 28, யோகோஹாமாவில் டெனா அணிக்கு எதிராக நோ-ஹிட்டர், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம். இந்த முறை ஒன்பது இன்னிங்ஸும் அவரே. மேலாளர் டகாகி மோரிமிச்சி. யாரும் அவரை உட்கார வைக்கவில்லை என்பதைக் கவனிக்கவும். அடுத்த வருஷம் 13 வெற்றியோடு லீக்கில் கூட்டு முதலிடம்.

#22 ஸ்கோர்புக்

பழைய ஆட்டங்களை வீடியோவில் பார்த்து ஸ்கோர்புக் எழுதுவது என் பைத்தியம், பெயரே அதனால்தான். 2007 நவம்பர் 1க்கு ஒரு பக்கம் இருக்கிறது. யமாய் வரிசையில் எட்டு சுழியம். அதற்குக் கீழே இவாசே வரிசையில் ஒரே ஒரு சுழியம், பக்கத்தில் சேவ் குறி. அந்தப் பக்கத்தின் தலைப்பில் 'பெர்ஃபெக்ட்' என்று எழுதலாமா கூடாதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்குப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.